புகையிலை சென்ற வழியும் புற்றுநோயின் வரலாறும்

அமெரிக்கக் கண்டத்திலே தோன்றிய புகையிலை, ஐரோப்பியரின் கப்பலேறிக் கீழ்த்திசை வந்து, யாழ்ப்பாண மண்ணிலே வேரூன்றியது. ஒல்லாந்தர் லெய்டன் எனப் பெயரிட்டழைத்த வேலணைத் தீவும் அப்பயிரை வளர்த்தது. கிணற்று நீரிறைத்துக் கன்று காத்து, இலையைப் பாடம் போட்டு எடுத்தனர் உழவர். ஒல்லாந்தர் காலத்திலும் பின்வந்த ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெருஞ்சந்தையாய் விளங்கியது திருவிதாங்கூர். அவ்வாணிகத்தால் வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் கல்வி பெற்றனர்.

அத்திருவிதாங்கூரின் தென்பகுதியில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூரிலே, மிஷன் மருத்துவமனையிற் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துச் சுவைப்போருக்கு உண்டாகும் வாய்ப்புற்றுநோயைக் குறித்து 1933ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் எழுதினார். செல்வந் தந்த இலையே சிலருக்கு நோயும் தந்தது என்பதை உலகம் அறியத் தொடங்கிற்று.

ஆயினும், நோய் பிறக்கும் விதம் யாது? நம் உடலின் கலங்களுள்ளே இழைமணி என்னும் நுண்ணிய உறுப்புக்கள் உண்டு. உணவிலிருந்து ஆற்றலை ஆக்கித் தருபவை அவை. இவற்றுக்கெனத் தனியே டி.என்.ஏ. உண்டென்பது 1963இல் வெளிப்பட்டது. 1981இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் அதனை முழுவதும் படித்து, 37 பரம்பரையலகுகள் அதிலடங்கியிருத்தலைக் காட்டினர். இது தாய்வழியாகவே மக்களுக்கு வருவது.

அங்ஙனமாயின், வாய்ப்புற்றுநோயும் தாய்வழி வந்த விதியோ என ஐயுறுவார் உளர். 2000ஆம் ஆண்டிலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், தலை, கழுத்துப் பகுதிகளிற் புற்றுநோயுற்றோரின் கட்டியையும் அதே நோயாளரின் இரத்தத்தையும் ஒப்பிட்டனர். கட்டியிலுள்ள இழைமணி டி.என்.ஏ.யிற் காணப்பட்ட மாற்றங்கள் இரத்தத்திலே இல்லை. ஆகவே அவை பிறப்போடு வந்தவையல்ல, வாழ்நாளில் நேர்ந்தவை. உமிழ்நீரிலும் அம்மாற்றங்களை அவர்கள் கண்டறிந்தனர். அம்மாற்றங்கள் நோயின் காரணமோ, விளைவோ என்பது இன்னும் ஆராயப்படுகின்றது. பாக்கும் சுண்ணாம்பும் வாயிற் சேருங்கால் ஒட்சிசனின் ஊறுசெய் வடிவங்கள் பிறக்கின்றன. இழைமணி டி.என்.ஏ.க்குப் புரதக் காப்புக் குறைவாதலின், அது எளிதிற் சிதைவுறுகின்றது.

புகையிலை நீங்கின் போதுமெனக் கருதுவாரும் உளர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, பாக்குத் தானும் புற்றுநோய் விளைப்பதே எனக் கூறியது. 2016இல் இலங்கை அரசு புகையற்ற புகையிலைப் பொருள்களைத் தடைசெய்தது.

இலங்கை ஆடவரிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. வெற்றிலைத்தட்டம் நம் முன்னோர் தந்த உபசாரச் சின்னம். அதனை நீட்டுதல் அன்பின் அடையாளம். அவ்வன்பு நிலைக்கட்டும், பழக்கம் மட்டும் ஒழிக. வாயில் வெண்படலமோ, இரு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ காணின், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் கடன். தாய் தந்தது உயிராற்றல். அதனைக் காத்தல் மக்கள் கையில் உள்ளது.