நீரு பந்தா?

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வெளிச்சம், பார்க்கிங் எல்லாம் அப்புறம். ஹவுஸ் ஓனர் முதலில் பெருமையாகச் சொல்வது, "காவேரி வாட்டர் இருக்கு". போர்வெல் மட்டும்தான் என்றால் வாடகை கொஞ்சம் குறையும், தலைமுடி நிறையக் கொட்டும் :-)

குடி வந்தபிறகுதான் மீதிக் கதை. பல ஏரியாக்களில் காவேரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதுவும் ஊர் தூங்குகிற நேரமாகப் பார்த்து வரும். சம்ப்பை எட்டிப் பார்க்க வேண்டும், மோட்டார் போட வேண்டும், போட்டால் நிறுத்த மறக்கக் கூடாது. பக்கத்து வீட்டம்மா கேட்கிற "நீரு பந்தா?"தான் நம்மில் பலர் கற்றுக்கொண்ட முதல் கன்னட வாக்கியம். கோடையில் டேங்கர்காரர் போனையே எடுக்க மாட்டார்.

புலம்பாத ஆள் கிடையாது. ஆனால் இந்தத் தண்ணீர் இங்கே வந்த கதையைத் தெரிந்துகொண்டால் புலம்பலோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொள்ளும்.

பெங்களூர் சுமார் 3000 அடி உயரத்தில், மேட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். பக்கத்தில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. பழைய ஆட்கள் ஏரி வெட்டித்தான் பிழைத்தார்கள். இன்று நாம் பஸ்ஸுக்கு அடித்துப்பிடித்து ஓடுகிற மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட், முன்பு தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்குமிடம் சம்பங்கி ஏரி. 1809-ல் வெள்ளைக்காரர்கள் கன்டோன்மென்ட் அமைத்தபோது, சிப்பாய்களாகவும் வியாபாரிகளாகவும் வேலையாட்களாகவும் ஏராளமான தமிழர்கள் கூடவே வந்து அல்சூர் பக்கம் குடியேறினார்கள். கூட்டம் ஏற ஏறத் தண்ணீர் போதவில்லை. 1882-ல் சாங்கி ஏரி வெட்டினார்கள். அதுவும் போதவில்லை.

திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1896-ல், ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. (ஐயர் நம்ம பாலக்காட்டுக்காரர்.) 1920களில் அந்த ஏரி வற்றிப் போக, 1933-ல் திப்பகொண்டனஹள்ளி. அதையும் ஊர் குடித்துத் தீர்த்துவிட்டுக் காவேரிக்குக் கை நீட்டியது. 1974-ல் முதல் கட்டத் தண்ணீர் வந்தது, நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர். 2024 அக்டோபரில் திறந்த ஐந்தாம் கட்டம் மட்டுமே 77.5 கோடி லிட்டர்.

அந்தக் காவேரி ஒன்றும் தானாக வரவில்லை. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், மூன்று இடங்களில் பம்ப் வைத்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் மேலே ஏற்றுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு முறை அடுக்கினாலும் எட்டாத உயரம். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு கரண்ட் பில்லுக்கே போய்விடுகிறது.

ஏற்றாமல் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும்? மேட்டூருக்கு. அங்கிருந்து தஞ்சாவூர், நாகப்பட்டினம் வயல்களுக்கு. ஜூன் 12 நெருங்கினால் "மேட்டூர் திறப்பாங்களா?" என்று அங்கே நம்ம சித்தப்பாக்கள் பேப்பரைப் புரட்டுகிறார்கள். இங்கே நாம் "நீரு பந்தா?" என்கிறோம். இரண்டும் ஒரே கேள்வி, ஒரே ஆறு.

இதற்காக இந்த ஊரில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையடுத்துத் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின, பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். 2016 செப்டம்பரில் ஒரே டெப்போவில் முப்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் எரிந்தன. அன்று வாசலில் டிஎன் நம்பர் பிளேட்டைத் துணி போட்டு மூடி வைத்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75 டிஎம்சி கொடுத்தது. அதில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்காக. தமிழ்நாட்டின் பங்கு 192-லிருந்து 177.25 ஆகக் குறைந்தது. பெங்களூரில் குடியிருக்கிற தமிழர்களும் அந்த 4.75-ல்தான் குளிக்கிறோம், சமைக்கிறோம்.

"காவேரி யாருது?" என்று ஸ்கூலில் இருந்து வந்து பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? ஒரு பக்கம் பேசுவது சுலபம். நமக்கு அந்தச் சுலபம் கொடுத்து வைக்கவில்லை, குழாயின் இந்தப் பக்கமும் நாம்தான், அந்தப் பக்கமும் நாம்தான். இந்தக் கதையை முழுசாகச் சொல்லிவிடுங்கள், 1991 உட்பட.

2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்றார்கள். ரொம்பக் கெடுபிடி என்று அபார்ட்மென்ட் மீட்டிங்கில் கொதித்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது நியாயமான அபராதம். குடிப்பதற்கென்று கீழே ஒரு வயலிடமிருந்து வாங்கிய தண்ணீரை டயரில் ஊற்றக் கூடாது. காருக்கு ஒரு ஈரத்துணி போதும்.