ரிம்வேர்ல்டில் மரபணு வியாபாரம்

1996-ல் பிரிட்டனில் இருந்து 'கிரியேச்சர்ஸ்' என்று ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது. உருவாக்கியவர் ஸ்டீவ் கிராண்ட். அதில் நார்ன் என்ற குட்டிப் பிராணிகள் முட்டையில் இருந்து வரும், பேசக் கற்கும், நோய் வந்து சாகும். இரண்டு நார்ன் சேர்ந்தால் இரண்டின் மரபணுவும் கலந்து, சில சமயம் பிழையோடு நகலாகி, குட்டிக்குப் போகும். விளையாடுபவர் ஆடு வளர்ப்பவர் மாதிரிதான். எதை எதோடு சேர்க்கலாம் என்று யோசிக்கலாம், பிறகு காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கத் தேவையில்லாத கேம் 2022 அக்டோபர் 21-ல் வந்தது. ரிம்வேர்ல்டின் 'பயோடெக்' என்ற கூடுதல் பாகம். ரிம்வேர்ல்டின் கர்த்தா கனடாவைச் சேர்ந்த டைனன் சில்வெஸ்டர். 2013-ல் கிக்ஸ்டார்ட்டரில் 20,000 கனடா டாலர் கேட்டார், 2 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல் வந்தது! முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வெளியானது. ஒரு கிரகத்தில் மாட்டிக்கொண்ட சிலரை வைத்து ஒரு குடியிருப்பை நடத்துவதுதான் ஆட்டம்.

பயோடெக்கில் மரபணு என்பது ஒரு சரக்கு. பொட்டலமாகக் கிடைக்கும், வியாபாரிகளிடம் வாங்கலாம், சேமிப்புக் கிடங்கில் அடுக்கலாம். வேண்டியவற்றைச் சேர்த்து ஒரு கலவை செய்து ஆளுக்குள் வைத்துவிடலாம்.

இஷ்டத்துக்கு எல்லாம் சேர்க்க முடியாது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும், ஏனென்றால் இது அப்படியே வரவு செலவுக் கணக்கு. காயம் சீக்கிரம் ஆறும் மரபணுவைச் சேர்த்தால் உடலின் கணக்கில் கழியும், அந்த ஆளுக்குப் பசி கூடும். கணக்கு மைனஸ் 5-க்குக் கீழே போக அனுமதி இல்லை. ஈடுகட்ட, வெயில் ஒத்துக்கொள்ளாதது, வலி அதிகம் தெரிவது போன்ற குறைகளையும் சேர்த்துத் தலையில் கட்ட வேண்டும். வீரனைச் செய்யப் போய், சோறு போட்டே குடியிருப்பு திவாலான கதை நடக்கக்கூடியதுதான் :-)

பொட்டலம் கிடைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு ஆளை இயந்திரத்துக்குள் போட்டு அவரிடமிருந்தே மரபணுவை எடுப்பது. கைதியாகவும் இருக்கலாம்.. சம்மதம் கேட்கும் பொத்தான் எதுவும் கிடையாது. எடுத்தபின் அவர் உடல் தேற நாளாகும். தேறுமுன் மறுபடி எடுத்தால் செத்துப்போவார். கேம் இதைத் தடுப்பதில்லை, எச்சரிக்கை மட்டும் செய்கிறது. கைதி வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் தங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்கிறார்கள்.

கேமில் ஒரு கோடு மட்டும் கண்டிப்பானது. பிறவியில் வந்த மரபணு குழந்தைக்குப் போகும். பிறகு வைத்தது அந்த ஆளோடு முடிந்துவிடும். நிஜ மருத்துவமும் இந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த 'காஸ்ஜெவி' என்ற அரிவாள் செல் சோகை சிகிச்சை நோயாளியின் ரத்தத்துக்கு அடிப்படையான செல்களை மட்டும் திருத்துகிறது. பிள்ளைகளுக்கு அது போகாது.

கோட்டைத் தாண்டியவர் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய். ரிம்வேர்ல்டின் முழுப் பதிப்பு வந்த அடுத்த மாதமே, 2018 நவம்பரில், கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க சிசிஆர்5 என்ற மரபணுவைக் குறிவைத்தாராம். கேமில் அது ஒரு பொட்டலம், விலையும் பக்க விளைவும் அட்டையிலேயே தெரியும். இங்கே அந்தத் திருத்தம் இரு குழந்தைகளிடமும் அவர் திட்டமிட்டபடி அமையவில்லை. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு 3 வருடச் சிறை விதித்தது. இதற்குள் மூன்றாவது குழந்தையும் பிறந்திருந்தது. அவர் 2022 ஏப்ரலில் வெளியே வந்தார். பயோடெக் வர அப்போது இன்னும் ஆறு மாதம் இருந்தது.