வடக்கே ஓடும் ஆறுகளும் கிழக்கே சென்ற வழியும்

சைபீரியாவின் பேராறுகளான ஓப், யெனிசெய், லேனா மூன்றும் தெற்கே பிறந்து வடக்கே ஓடி ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடப்பவை இவை. வசந்தத்தில் தெற்குப் பனி முதலில் உருகும். அந்த வெள்ளம் வடக்கே இன்னும் இளகாத பனிக்கட்டியில் முட்டிக் கரைபுரளும். கிழக்கு நோக்கிப் போகிறவனுக்கு உதவும் ஆறுகளாகவே இவை தோன்றா. ஆயினும் யூரல் மலையைக் கடந்த ரஷ்யர் அறுபது ஆண்டுக்குள் பசிபிக் கரையைத் தொட்டார்கள்.

1582-இல் மேற்குச் சைபீரியாவை ஆண்ட கூச்சும் கானின் தலைநகரைப் பிடித்த கசாக் தலைவர் எர்மாக்கே இந்த வரலாற்றின் நாயகன் என்பது வழக்கம். என் கருத்தில் அது மிகை. மூன்று ஆண்டில் அவர் மாண்டார். எஞ்சிய கசாக் வீரர்கள் பின்வாங்கினர். நிலைத்தவை, பின்னர் ஆற்றங்கரைகளில் எழுந்த மரக்கோட்டைகளே: 1586-இல் த்யூமென், 1587-இல் தொபோல்ஸ்க்.

வழி திறந்தவை துணையாறுகள். பேராறுகள் வடக்கே போனாலும் அவற்றின் துணையாறுகள் கிழக்கிலும் மேற்கிலும் நெடுந்தொலைவு பரந்திருக்கின்றன. ஓப் ஆற்றில் கலக்கும் கேத் ஆற்றில் எதிரேறிப் போய், அது சிறுத்து முடியும் இடத்தில் சரக்கைக் காட்டுவழியே கொண்டுசென்றால் யெனிசெய் பக்கம் இறங்கலாம். இத்தகைய தரைவழிக்கு ரஷ்யர் இட்ட பெயர் வோலோக். அதன் மறுபுறத்தில்தான் 1619-இல் யெனிசெய்ஸ்க் எழுந்தது. அங்கிருந்து அங்காரா, இலிம் ஆறுகள், மறுபடி ஒரு வோலோக், அப்பால் லேனா. 1632-இல் யாகூத்ஸ்க் கோட்டை. 1639-இல் இவான் மஸ்க்வித்தின் குழு ஒகோத்ஸ்க் கடலைக் கண்டது. இந்தக் காட்டு ஆற்றுவழியைவிடத் தெற்குப் புல்வெளி நடப்பதற்கு எளிது. ஆனால் அங்கே வலிமைமிக்க குதிரைப் படைகள் இருந்தன. காட்டில் சிதறி வாழ்ந்த சிறு குடிகளால் அப்படித் தடுக்க முடியவில்லை.

ரஷ்யரைக் கிழக்கே இழுத்தது சேபிள் என்னும் சிறு விலங்கின் தோல். ஓராற்றுப் பக்கத்தில் வேட்டை அற்றுப்போனால் அடுத்த ஆற்றுக்கு நகர்ந்தார்கள். எவெங்கியர், யாகூத்தியர் முதலான மக்கள்மீது யசாக் என்னும் தோல்வரி விதிக்கப்பட்டது. வரி தவறாமல் வர, குலத்தலைவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பிணையாகக் கோட்டையில் அடைத்துவைத்தனர். கூடவே பெரியம்மை வந்தது. அதை முன்பு அறியாத குடிகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. வழிகாட்டியவர்களும் மொழிபெயர்த்தவர்களும் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்களே. அவர்களை விட்டுவிட்டு இதனை ரஷ்யரின் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதுவது நேர்மையாகாது.

1891-இல் தொடங்கிய சைபீரிய இருப்புப்பாதை ஆற்றுவழியின் கணக்கைக் கலைத்தது. தெற்கே மேற்கிலிருந்து கிழக்காகச் சென்ற தண்டவாளம் பேராறுகளைக் குறுக்கே வெட்டியது. நெடுங்காலம் சைபீரியாவின் தலைநகராயிருந்த தொபோல்ஸ்க் பாதையிலிருந்து விலகி நின்றுவிட்டது. ஓப் ஆற்றின்மீது பாலம் கட்ட வந்தவர்கள் 1893-இல் அமைத்த குடியிருப்போ நோவோசிபிர்ஸ்க் ஆகி, இன்று பதினாறு லட்சம் பேர் வாழும் மாநகராக, சைபீரியாவிலேயே பெரியதாக இருக்கிறது.