நொய்கெல்னுக்குள் ஒரு கிராமம்

நொய்கெல்னின் கார்ல் மார்க்ஸ் வீதியிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ரிக்கார்ட் சதுக்கம் வரும். அதற்கு அப்பால் வாகன இரைச்சல் அடங்கி, கல் பாவிய ஒழுங்கைகளும் பழைய களஞ்சியங்களும் தொடங்கும். இதுதான் பொஹீமிய ரிக்ஸ்டோர்ஃப்.

1620இல் வெள்ளை மலைப் போரில் பொஹீமியப் புரட்டஸ்தாந்தர் தோற்றபின், அவர்களுடைய வழிபாடு ஒளிவுமறைவாகவே நடந்தது. தப்பி வந்தவர்களில் 18 குடும்பங்களை 1737இல் பிரஷ்ய அரசர் முதலாம் பிரடெரிக் வில்ஹெல்ம் இங்கே குடியேற்றினார். வீடு, நிலம், கட்டாயப் படைச்சேவையிலிருந்து விலக்கு எல்லாம் கிடைத்தன. இது கருணை மட்டுமல்ல. ஆள் குறைந்த தேசத்துக்கு உழவரும் நெசவாளரும் தேவைப்பட்டனர்.

நமக்கு வழி வேறு. எண்பதுகளில் நம்மவர் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்தனர். அந்தக் கதவு திறந்திருந்ததும் கருணையால் அல்ல, இரு ஜேர்மனிகளின் அரசியலால். 1985இல் மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழருக்குக் கிழக்கு ஜேர்மனி அதை அடைத்தது.

இந்தப் பொஹீமியரில் ஒரு பகுதியினர் ஹெர்ன்ஹூட் சகோதர சபையினர். அதே சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கும் போய், அருகே தோட்டம் அமைத்துக் குடியிருந்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாதது.

1874இல் ஜேர்மன் ரிக்ஸ்டோர்ஃபும் பொஹீமிய ரிக்ஸ்டோர்ஃபும் ஒன்றாயின. 1912இல் குடியேறியவர்களின் சந்ததியினர் அரசருக்கு நன்றிச் சிலை எழுப்பினர். அதே ஆண்டு, மதுச்சாலைகளால் கெட்டுப்போன ரிக்ஸ்டோர்ஃப் என்ற பெயரை நகரசபை கைவிட்டு நொய்கெல்ன் ஆக்கியது. 1920இல் நொய்கெல்ன் பேர்லினோடு சேர்ந்தது.

கணினித் தரவுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது என் தொழில். எது கூட வருகிறது, எது வழியில் உதிர்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இங்கே சபை இருக்கிறது, இடுகாடு இருக்கிறது, குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. செக் மொழி பழைய நடுகற்களில் இருக்கிறது; சந்ததியினர் பேசுவது ஜேர்மன்.

இதே நொய்கெல்ன் மாவட்டத்தின் பிறிட்ஸில் 2013இல் ஸ்ரீ மயூரபதி முருகன் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கட்டடம் நிற்கும்; அதில் எனக்கு ஐயமில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதன் நிர்வாகக் கூட்டக் குறிப்பை எந்த மொழியில் எழுதுவார்கள் என்பதோ, இன்று நாம் வீட்டில் பிள்ளைகளோடு எந்த மொழியில் சண்டை பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.