முக்கூடலும் கூட்ரோடும்

திருமுக்கூடல் என்ற பெயரே ஒரு வழிக்குறிப்பு. பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கும் இடம் என்று சொன்னால் போதும். மூன்றில் எந்த ஆற்றின் கரையைப் பிடித்து நடந்தாலும் ஊர் வந்துவிடும். இதே வட்டாரத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி மாறும் இடங்களுக்குப் பெயர் கூட்ரோடு. ரோடுகள் கூடுவதால் கூட்டு ரோடு, பேச்சில் கூட்ரோடு. ஆறுகள் கூடியதால் வந்த பெயரையும் ரோடுகள் கூடியதால் வந்த பெயரையும் ஒரே வகைச் சிந்தனைதான் சூட்டியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் வழி சொல்லும் பாடம் வரும்போது, வழி சொல்வதையே இந்தப் பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகக் கற்பதுபோல் அது தொடங்குகிறது. படத்தில் ஒரு தெரு, ஒரு வங்கி, ஒரு தபால் நிலையம். நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு, இரண்டாவது கட்டடம். பிள்ளை தடுமாறினால் ஆங்கிலச் சொல் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு என்பது என் வாதம். சொற்களில் பெரும்பாலானவை பிள்ளையின் வாயில் ஏற்கெனவே புழங்குகின்றன. அங்கே மாறுவது பார்வை. ஊரையும் ஏரியையும் நிலையாக வைத்து வழி சொல்லிப் பழகியவர்கள், நடக்கிறவனின் உடம்பை நடுவில் வைத்து வழி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு நீண்ட வரலாறு உண்டு, அதன் பெரும்பகுதியை இந்த ஆற்றங்கரையிலேயே படிக்கலாம்.

முதல் சான்று செய்யாற்றின் மேல்பகுதியிலிருந்து வருகிறது. தமிழில் ஆறு என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள். ஆற்றுப்படை என்பது ஒருவரை வழியில் செலுத்துவது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்து, பத்தில் பாதியை அதற்கே கொடுத்த தொகுப்பு அது. அவற்றில் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், செங்கண்மாவில், அதாவது இன்றைய செங்கத்தில் இருந்த நன்னனிடம் கூத்தர்களை அனுப்புகிறது. அதில் வரும் சேயாறுதான் நம் செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக வந்து திருமுக்கூடலில் பாலாற்றில் விழுகிற அதே ஆறு. பாடிய பெருங்கௌசிகனார் வழியை எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். எந்த நிலம் எப்போது வரும், அங்கே யார் இருப்பார்கள், என்ன சாப்பிடக் கொடுப்பார்கள், இரவில் எதற்கு அஞ்ச வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிற புதியவர்கள் திகைக்காமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். வழி கேட்டவனே வழி காட்டுகிறவனாகவும் ஆகிவிடுகிறான். எத்தனையோ மொழிகளின் பயணப் பாடநூல்கள் எட்டாத நுட்பம் இது.

இரண்டாவது சான்று உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டுகளுக்காக இந்த ஊரை எல்லோரும் அறிவர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், 30 குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, சபைக்கு ஆள் எடுக்கும் முறையை எழுதிவைத்த ஊர். அதே ஊரின் நிலக் கல்வெட்டுகளுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. எனக்கு அவையே பெரிய அதிசயம். வயல்வெளியை ஒரு திசையில் வதிகளும் குறுக்கே வாய்க்கால்களும் வெட்டிச் செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒரு துண்டு நிலத்தைக் குறிக்க வேண்டுமானால், இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுரம் என்று எழுதுகிறார்கள். இரண்டு பெயர், இரண்டு திசை, இரண்டு எண். அந்த நிலத்தை வேறு எந்த நிலத்தோடும் குழப்ப முடியாது. கட்டத்தாளில் புள்ளி குறிக்கும் கணக்கை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஊர்ச்சபைக் கணக்கர் நாள்தோறும் செய்திருக்கிறார். ஊரைச் சொல்லும்போதும் ஓர் ஒழுங்கு இருந்தது. சயங்கொண்ட சோழ மண்டலத்துக் காலியூர்க் கோட்டத்து உத்திரமேரு சதுர்வேதிமங்கலம் என்று பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிப்பார்கள். இன்று ஆங்கில முறையில் கடிதத்தின் மேல் முகவரி எழுதும்போது வீட்டு எண்ணில் தொடங்கி மாவட்டத்தில் முடிக்கிறோம். அதே முகவரிதான், நடக்கும் திசை மட்டும் தலைகீழ்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கல்வெட்டு சபையின் ஆவணம். தானத்தைப் பாதுகாக்க எழுதியது. அதை வைத்துச் சாதாரண மனிதர்கள் வழி சொன்ன விதத்தை எப்படி அறிவது? நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆவணத்தின் நடை ஆவணத்தோடு நின்றுவிடவில்லை. இன்று பதிவாகும் கிரயப் பத்திரத்திலும் நான்கெல்லை இதே இலக்கணத்தில்தான் வருகிறது: இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு. பத்திரத்தை விட்டுவிட்டுப் பேச்சுக்கு வந்தாலும், கெழக்கால, மேக்கால, தெக்கால, வடக்கால என்று திசை சொல்லாமல் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டைக் காட்டுவது அரிது. காவிரிக் கரைப் பாடல்பெற்ற தலங்களை வடகரை 63, தென்கரை 127 என்று வகுத்ததும் இதே மனம். பொறியாளரின் ஆங்கிலம் ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு, இடக்கரை வலக்கரை என்று பிரிக்கும். கிழக்கே ஓடும் பாலாற்றில் திருமுக்கூடல் கோயில் நமக்குத் தென்கரை, அவர்களுக்கு வலக்கரை. இடம் ஒன்றேதான். நாம் சூரியனைப் பார்த்துச் சொன்னோம், அவர்கள் தண்ணீரோடு நடந்து சொன்னார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தமிழில் இடமும் வலமும் இல்லையா என்ன? உண்டு, மிக ஆழமாக உண்டு. கோயிலை வலம் வருகிறோம். சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று உடம்பை வைத்தே பக்கம் சொல்லும் வழக்கும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நுகத்தில் பூட்டிய மாடுகள் இடத்து மாடு, வலத்து மாடு என்றுதான் அழைக்கப்பட்டன. ஆகவே திசை மட்டுமே தமிழ், இடவலம் ஆங்கிலம் என்று பிரித்தால் அது பொய். சான்றுகள் காட்டுவது வேறொரு பாகுபாடு: ஊர், நிலம், கோயில் போன்ற நிற்கும் பொருள்களுக்குத் திசை, ஏர், வண்டி, வலம் வருதல் போன்ற நகரும் காரியங்களுக்கு இடவலம். வண்டிக்காரனுக்கு இரண்டும் கைவசம் இருந்தன. வண்டிகள் பெருகி, ஊரெல்லாம் வண்டியிலேயே நகரத் தொடங்கியபோது இரண்டாவது வழக்கு முதலாவதை மெல்ல ஓரங்கட்டியது. ஆங்கிலம் அந்த இடத்தில்தான் உள்ளே வந்தது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சிறிய பாதை வந்தது. பின்னாளில் அந்தத் தடம் செங்கல்பட்டு வரை நீண்டு, திருமுக்கூடலுக்கு எதிர்க்கரையில் பழையசீவரத்துக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. ரயிலோடு கேட், டிக்கெட், டேசன், பிளாட்பாரம் எல்லாம் தமிழாயின. பஸ் கொண்டுவந்தவை அதைவிட நெருக்கமானவை: ஸ்டாண்டு, ஸ்டாப்பிங், ரூட், ட்ரிப், டவுன் பஸ். கைகாட்டிப் பலகை நின்ற சந்திப்புக்குக் கைகாட்டி என்றே பெயர் நிலைத்த இடங்கள் தமிழ்நாட்டில் பல. கண்டக்டர் வண்டியைக் கிளப்ப ரைட் என்கிறார், நிறுத்த ஹோல்டான் என்கிறார். வலப்பக்கம் என்று பொருள்தரும் சொல் இங்கே போகலாம் என்று ஆகிவிட்டது. அதைக் கேட்டே வளர்ந்த பிள்ளையிடம் வகுப்பில் ரைட்டில் திரும்பு என்றால் ஒரு கணம் நிற்பது அறியாமையல்ல, ஒரு சொல்லை அது இரண்டு பொருளில் எடைபோடுகிறது. சொற்கள் இப்படி வந்து குவிந்தாலும் வாக்கியம் தமிழாகவே இருந்தது. ஸ்டாண்டாண்ட எறங்கி, கேட்டு தாண்டி, ஏரிக்கரை மேல ஏறுனீங்கன்னா தெக்கால ஒரு கோயில் வரும். வினையெச்சங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போக, கடைசியில் கோயில் தானே நடந்து வந்துவிடும். ஆங்கிலத்தில் அதையே சொல்ல வினையை முன்னே இழுத்து, நாலு கட்டளையாக உடைக்க வேண்டும். கடினம் அங்கே இருக்கிறது. பஸ் ஸ்டாப் என்ற சொல்லில் இல்லை.

பள்ளிக்கூடம் இதை எப்படிக் கையாண்டது? 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி தரும் பெரிய முயற்சி தொடங்கியது. சிலரைப் பயிற்றி, அவர்கள் பலரைப் பயிற்றுவதால் அதற்குப் பனிப்பந்து என்று பெயர். வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி, செய்து காட்டி, திரும்பச் சொல்லவைக்கும் முறை அது. மொழிபெயர்ப்பையும் மனப்பாடத்தையும் விட மேலானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் ஊருக்கு அதில் இடம் குறைவு. அடுத்த தலைமுறையில் ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை நடத்திய சோதனை வேறு பாதையில் போனது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம், பயணத் திட்டம் ஆகியவற்றைக் கொடுத்து, எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று யோசிக்கவைத்தார்கள். யோசிப்பதற்காகப் பேசினால் மொழி தானே படியும் என்பது அவர் நம்பிக்கை. அதை மதிப்பிட்டு 1985இல் எழுதியவர்கள் தயக்கத்தோடுதான் ஆதரித்தார்கள், உறுதியான முடிவென்று யாரும் சொல்லவில்லை. என் பார்வையில் அதன் பெரிய கண்டுபிடிப்பு, வழியும் வண்டியும் பிள்ளைகளின் அறிவுக்கு உணவு என்பதுதான். கூத்தர்களிடம் மலைபடுகடாம் செய்ததும் அதையே.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறவனுக்கும் சரக்கு லாரி ஓட்டுகிறவனுக்கும் பழைய கல்வெட்டு எதற்கு, நாலு ஆங்கில வாக்கியம் போதாதா என்று கேட்கலாம். நாலு வாக்கியம் வேண்டும்; அவனுக்கு அது சோறு. அந்த நாலு வாக்கியம் விரைவாக வர வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். முன்பின் பார்த்திராத ஒரு தெருப்படத்தில் அந்நிய வங்கியைத் தேடும் பிள்ளை இரண்டு சுமையைச் சுமக்கிறது: தெரியாத இடம், தெரியாத மொழி. இடம் தெரிந்திருந்தால் ஒன்று குறையும். திருமுக்கூடல் பள்ளிப் பிள்ளையிடம் பழையசீவரம் ரயில் நிலையத்திலிருந்து பாலாற்றைக் கடந்து அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு வழி சொல்லக் கேட்கலாம். சோழன் வீரராசேந்திரன் காலத்தில் 15 படுக்கையோடு ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடத்திய கோயில் அது. தேடி வருகிறவர்கள் இன்றும் உண்டு. முதலில் தமிழில் திசையோடு, அடுத்து ஆங்கிலத்தில் அதே திசையோடு, பிறகு ஆங்கிலத்தில் இடவலத்தோடு. அதன்பின் உத்திரமேரூர்ச் சதுரம் ஒன்றைக் கொடுக்கலாம்: வதிக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாம் கண்ணாறு, மூன்றாம் சதுரம். மேற்கு, வடக்கு, இரண்டாவது, மூன்றாவது, சதுரம், வாய்க்கால் ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொல்லை ஆறாம் வகுப்புப் பிள்ளை அறியும். வதிக்கும் கண்ணாற்றுக்கும் என்ன சொல்வது என்று அது ஆசிரியரைக் கேட்கும். ஆசிரியர் வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டியிருக்கும்.