தார் ரோடே இல்லாம பைக் ரேஸா? ஐல் ஆஃப் மேன் பந்தயத்தின் ஆரம்பக் கதை

1907-ல் பிரிட்டனில் வேக வரம்பு மணிக்கு 32 கி.மீ.தான், ரேஸுக்காக சாலையை மூடவும் அனுமதியில்லை. அதனால்தான் தனிச் சட்டம் உள்ள ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போனார்கள். அந்த மே 28-ல் 25 பேர் கிளம்பினர். முழுக்க மண் சாலை. முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதியில் பின்னால் வருபவருக்கு வளைவே தெரியாது. ஒற்றை சிலிண்டர் பிரிவில் ஜெயித்த சார்லி காலியரின் சராசரி வேகம் சுமார் 61 கி.மீ. இன்னைக்கு ஸ்கூட்டரே போகுற வேகம்தான். ஆனா அந்த ரோட்டில்!

1911-ல் ரேஸ் மலைப்பாதைக்கு மாறியது. ஆடுகளுக்காகக் குறுக்கே கேட் போட்ட வண்டித்தடம் அது. அந்த ஆண்டுப் பயிற்சியில் விக்டர் சர்ரிட்ஜ் விழுந்து இறந்தார். இந்தப் பந்தயத்தின் முதல் பலி.

இதில் கொடுமை, பயிற்சியின்போது சாலையை மூடவே மாட்டார்கள். 1927-ல் எதிரே வந்த மீன் வண்டிக்காக ஒதுங்கிய ஆர்ச்சி பிர்கின் உயிரிழந்தார். அடுத்த ஆண்டுதான் பயிற்சிக்கும் சாலையை மூடினார்கள்.