48-க்கும் 55-க்கும் நடுவே

இந்த எபிசோடில் நான் ஒரே ஒரு எண்ணைத் தேடிப் போறேன்: வாரத்துக்கு 55 மணி நேரம்.

அதிராம்பட்டினத்தில் ஆரம்பிக்கலாம். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் நெல்வயல். ரெண்டு இடத்திலயும் வேலைக்குக் கணக்கு கடிகாரம் இல்லை, சூரியன்தான். பழைய தஞ்சை ஜில்லாவில் பண்ணையாள் விடியறதுக்கு முன்னாடி வயலில் இறங்கினா, இருட்டினப்புறம்தான் கரையேறணும். 1944-ல் பி. சீனிவாசராவ் தலைமையில் போராடி மன்னார்குடியில் ஒப்பந்தம் போட்டாங்களே, அதில் அவங்க நிறுத்தச் சொன்னது சவுக்கடியையும் சாணிப்பாலையும். மணிக்கணக்கு பேசறது அதுக்கெல்லாம் அப்புறம்தான்.

நகரத்தில் அந்தப் பேச்சு முன்னாடியே தொடங்கிடுச்சு. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் தடவை. எட்டு மணி நேர வேலை கேட்ட போராட்டத்தின் நினைவுநாள் அது. 1947-ல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வைத்தது. ஓவர்டைம் சேர்த்தாலும் 54-ஐத் தாண்டக் கூடாது.

இப்போ 2021-க்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 35-40 மணி நேரம் உழைக்கிறவங்களோட ஒப்பிட்டா, 55-க்கு மேல் உழைக்கிறவங்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35% கூடுதல். இதய நோயால் சாகும் ஆபத்து 17% கூடுதல். 2016-ல் மட்டும் இப்படி இறந்தவங்க சுமார் 7,45,000 பேர்.

காரணம் ரெண்டு. ஒண்ணு, ஓயாத மன அழுத்தம் ரத்த அழுத்தத்தை ஏத்துது. இன்னொண்ணு, தூக்கமும் நடையும் குறையுது, சிகரெட் கூடுது. இறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க 60-79 வயதுக்காரங்க. அதாவது, உழைக்கிறப்போ உடம்பு பில் அனுப்பாது. பல வருஷம் கழிச்சுத்தான் அனுப்பும்.

2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கான மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு அதே 48 தான், நாள் மட்டும் நாலாகும்னு அரசு விளக்கம் சொன்னது. எதிர்ப்பு வலுத்ததும், சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியா நூறு வருஷம் ஆன அன்னிக்கு, வாபஸ் அறிவிப்பு வந்தது.

சட்டம் காகிதத்தில் இருக்கு. ஆனா லேப்டாப்புக்கு ஏது அஸ்தமனம்? வாரம் ஆறு நாள் வேலைன்னா, 48-லிருந்து 55-ஐத் தொட தினம் 1 மணி 10 நிமிஷம் போதும். ராத்திரி சாப்பிட்டுட்டு எடுக்கிற ஒரு கால். இந்த வாரம் உங்க கணக்கு என்னன்னு எழுதிப் பாருங்க.